கரை நகர்வதை வரைந்தும் அளந்தும் பதிவு செய்வது எப்படி? கொங்குநாட்டில் தொடங்குவோருக்கு ஒரு செய்முறை

கடற்கரை மாற்றம் என்றால் பூம்புகாரும் தரங்கம்பாடியும்தான் நினைவுக்கு வரும். கொங்குநாட்டுக்குக் கடல் கிடையாது. ஆனால் அந்தக் கடற்கரைக்குப் போய்ச் சேரவேண்டிய மணலில் ஒரு பங்கு இங்கிருந்து போனது. நொய்யல், பவானி, அமராவதி மூன்றும் காவிரியில் கலக்கின்றன. 1934இல் மேட்டூர் அணையும் 1955இல் பவானிசாகர் அணையும் வந்தபின் மணலும் வண்டலும் பெருமளவு அணைக்குள்ளேயே தங்கிவிடுகின்றன. ஆற்றில் மிச்சமிருந்த மணலை நாம் அள்ளினோம். டெல்டாவின் முகத்தில் கடல் எடுத்துக்கொள்வதை ஈடுகட்ட ஆறு கொண்டுபோவது குறைந்துபோனது. அலையும் புயலும் துறைமுகக் கட்டுமானமும் சேர்ந்துதான் கடற்கரையை அரிக்கின்றன என்றாலும், இந்த மணல் பஞ்சம் அதில் பெரிய காரணம்.

அதனால் கரை மாற்றத்தைக் கற்க விரும்பும் ஓவியரும் அறிவியல் மாணவரும் கோவையிலோ ஈரோட்டிலோ கரூரிலோ இருந்துகொண்டே வேலையைத் தொடங்கலாம். ஓர் ஆற்றங்கரையில் அல்லது குளக்கரையில் ஓராண்டு பழகிவிட்டு, அதே கருவிகளோடு கடற்கரைக்குப் போகலாம். கருவிகள் எல்லாம் வன்பொருள் கடையிலும் தையல் சாமான் கடையிலும் கிடைப்பவை.

ஆட்கள்

ஐந்து பேர் போதும். வரைய இரண்டு பேர், அளக்க இரண்டு பேர், எழுத ஒருவர். பெரும்பாலான கூட்டு முயற்சிகள் சொதப்புவது ஒரே இடத்தில்தான். அறிவியல்காரர்கள் எல்லாம் அளந்து முடித்த பிறகு, முடிவுகளை அழகாக்கித் தரச் சொல்லி ஓவியரைக் கூப்பிடுகிறார்கள். அப்படிச் செய்தால் கிடைப்பது சுவரொட்டி மட்டுமே. ஓவியர் முதல் நாளே கரையில் இருக்க வேண்டும், ஒவ்வொரு முறையும் இருக்க வேண்டும்.

இதற்குக் காரணம் உண்டு. ஒரு மீட்டருக்கு ஒரு முறை அளக்கும்போது இரண்டு அளவுக்கு நடுவில் இருப்பது தாளில் ஏறாது. அடியில் நீர் குடைந்த பொந்து, வெளியே தொங்கும் மருதமர வேர், போன வெள்ளம் விட்டுப்போன குப்பைக் கோடு, ஈரம் ஏறிய உயரம் இவையெல்லாம் வரைபவர் கண்ணில் படும். மறுபக்கம், மனிதக் கண் எந்தச் சரிவையும் உள்ளதைவிடச் செங்குத்தாகவே பார்க்கும். அந்தப் பிழையைப் பிடிப்பது அளவு. ஒன்றின் குறையை மற்றது அதே நாளில், அதே இடத்தில் திருத்தவேண்டும்.

முதல் இரண்டு முறை முடிந்ததும் வேலையை மாற்றிக்கொள்ளுங்கள். அளந்தவர் வரையட்டும், வரைந்தவர் கோல் பிடிக்கட்டும். படம் மோசமாக வந்தாலும் பரவாயில்லை, அடுத்த முறை எதைக் கவனிக்கவேண்டும் என்று இருவருக்கும் தெரிந்துவிடும்.

இடம்

30 முதல் 50 மீட்டர் நீளமுள்ள மண்கரை ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். கோவை நகரக் குளங்களில் பல இடங்களில் நடைபாதையும் கற்சுவரும் வந்துவிட்டன. அங்கே கரை நகராது, ஆகவே பதிவு செய்ய ஒன்றும் இல்லை. நொய்யலின் மேல்பகுதியில் தடுப்பணைக்குக் கீழே உள்ள வளைவு, பவானியில் வெளிவளைவு, ஊர்ப் பள்ளத்தில், அதாவது சிற்றோடையில், மண்சுவராக நிற்கும் கரை இவை நல்ல இடங்கள். ஆற்று வளைவின் வெளிப்பக்கம் அரிக்கும், உட்பக்கம் மணல் சேரும். இரண்டையும் ஒரே இடத்திலிருந்து பார்க்க முடிந்தால் அதைவிட நல்ல பாடம் இல்லை.

தவிர்க்கவேண்டிய இடங்களும் உண்டு. மணல் அள்ளிய குழிகள் தண்ணீருக்கு அடியில் தெரியாது. பவானியிலும் காவிரியிலும் இப்படிப்பட்ட குழிகளில் ஆட்கள் மூழ்குவது உண்டு. முழங்காலுக்கு மேல் தண்ணீரில் யாரும் இறங்கக்கூடாது என்று விதி வைத்துக்கொள்ளுங்கள். அணைக்கட்டுகளின் மேலே படம் எடுக்கத் தடை உண்டு. பவானிசாகர் நீர்த்தேக்கத்தின் காட்டோரப் பகுதி யானை நடமாடும் இடம், வனத்துறை அனுமதி இல்லாமல் போகவேண்டாம். வெள்ளோடு, நஞ்சராயன் குளம் இரண்டும் பறவைகள் சரணாலயங்கள். அங்கும் முன்அனுமதி வேண்டும், பறவைகள் கூடுகட்டும் மாதங்களில் கோலோடும் கயிறோடும் கரையில் சுற்றவே கூடாது. மற்ற இடங்களில் ஊராட்சித் தலைவருக்கும் பக்கத்துத் தோட்டக்காரருக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். கோலும் கயிறுமாக ஐந்து பேர் கரையில் நின்றால் நிலம் எடுக்க வந்திருக்கிறார்கள் என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

நிலைப்புள்ளி

எல்லாம் இதில்தான் நிற்கிறது. கரை விளிம்பிலிருந்து குறைந்தது 20 மீட்டர் உள்ளே தள்ளி, யாரும் உழாத இடத்தில், 60 செ.மீ. நீளமுள்ள கல்லையோ இரும்புக் கம்பியையோ முக்கால் பங்கு புதைத்து நடுங்கள். இதை 'அ' என்று வையுங்கள். கரைக்குச் செங்குத்தாக 5 மீட்டர் தள்ளி இன்னொன்று 'ஆ'. இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் நேர்கோடுதான் உங்கள் அளவுக்கோடு.

'அ'விலிருந்து அசையாத மூன்று பொருள்களுக்குத் தூரம் அளந்து எழுதுங்கள்: மதகின் மூலை, பாலத்தின் தூண், கிணற்று மேட்டின் கல். கல்லை யாராவது பிடுங்கிப் போட்டாலும் இந்த மூன்று தூரங்களால் அந்த இடத்தை மீண்டும் கண்டுபிடித்துவிடலாம். கைபேசியின் ஜிபிஎஸ் போதும் என்று நினைக்காதீர்கள். அது சாதாரணமாக மூன்று முதல் ஐந்து மீட்டர் வரை பிசகும், மரத்தடியில் இன்னும் கூடும். உங்கள் கரை ஓராண்டில் நகர்வது அதைவிடக் குறைவாக இருக்கலாம். மரத்தில் ஆணி அடித்து அடையாளம் வைக்கவேண்டாம், கோயில் படித்துறையில் பெயிண்டும் பூசவேண்டாம். படியின் விளிம்பே நல்ல அடையாளம்தான்.

குறுக்குவெட்டை அளப்பது

'அ'விலிருந்து நீர்விளிம்பு வரை தரை எப்படி ஏறி இறங்குகிறது என்று காட்டும் கோடுதான் குறுக்குவெட்டு. கொத்தனார் மட்டம் பார்க்கும் டியூப் லெவல்தான் அதற்கு நம் கருவி. 5 மீட்டர் நீளத்துக்குத் தெளிவான பிளாஸ்டிக் குழாய், 1.5 மீட்டர் உயரத்தில் இரண்டு மரக்கோல், இரண்டு தையல் டேப். தையல் டேப் சரியாக 150 செ.மீ. என்பதால் கோல் முழுக்க ஒட்டிக்கொள்ளும். திருப்பூரில் எந்தத் தையல் சாமான் கடையிலும் கிடைக்கும். ஒட்டும் முன் எஃகு டேப்போடு வைத்துப் பாருங்கள், மலிவான டேப் ஒரு சென்டிமீட்டர் வரை நீண்டிருக்கும். பூஜ்யம் கோலின் அடியில் வரவேண்டும்.

குழாயில் கொஞ்சம் நீலம் கலந்த தண்ணீரை ஊற்றுங்கள். காற்றுக்குமிழி ஒன்றுகூட இருக்கக்கூடாது. இரண்டு கோல்களையும் பக்கத்தில் பக்கத்தில், ஒரே தளத்தில் நிறுத்தினால் இரண்டிலும் தண்ணீர் ஒரே அளவு காட்டவேண்டும். காட்டாவிட்டால் குமிழி இருக்கிறது, குழாயை உயர்த்தித் தட்டி வெளியேற்றுங்கள்.

பின்கோலை 'அ'வில் நிறுத்துங்கள். முன்கோலை அளவுக்கோட்டில் ஒரு மீட்டர் முன்னே நிறுத்துங்கள். தண்ணீர் அடங்கியதும் இரண்டு அளவையும் படியுங்கள். பின்கோலில் 82, முன்கோலில் 97 என்றால் முன்னே தரை 15 செ.மீ. தாழ்ந்திருக்கிறது. முன்கோலில் குறைவாக இருந்தால் தரை உயர்கிறது. எழுதியதும் பின்கோலை முன்கோல் நின்ற அதே புள்ளிக்குக் கொண்டுவந்து, முன்கோலை மேலும் ஒரு மீட்டர் நகர்த்துங்கள். நகரும்போது குழாயின் இரு வாயையும் கட்டைவிரலால் அடைத்துக்கொள்ளுங்கள், படிக்கும்போது இரண்டையும் திறந்துவிடுங்கள். தரை சட்டென்று ஒடியும் இடத்தில் ஒரு மீட்டர் வரை காத்திருக்காமல் அந்த ஒடிவிலேயே ஓர் அளவு எடுங்கள்.

நிறைய பேர் தவறுவது தூரத்தில்தான். டேப்பைத் தரையோடு சாய்த்துப் பிடித்தால் தூரம் கூடிவிடும். அதைக் கிடைமட்டமாகப் பிடிக்கவேண்டும். அடுத்தது சேறு. கோல் அடியில் புதைந்தால் அளவு பொய். டப்பா மூடி ஒன்றைக் கோலின் அடியில் ஆணியடித்துவிடுங்கள். குழாயின் ஒரு பாதி வெயிலிலும் மறுபாதி நிழலிலும் நெடுநேரம் கிடந்தாலும் சிறிய பிழை வரும்.

நீர் விளிம்பு வரை போனதும் அதே வழியில் அளந்துகொண்டே 'அ'வுக்குத் திரும்பி வாருங்கள். ஏற்ற இறக்கம் எல்லாம் கூட்டிக் கழித்தால் பூஜ்யம் வரவேண்டும். 20 மீட்டர் போய்வந்து 3 செ.மீ. வரை வித்தியாசம் இருந்தால் ஏற்கலாம். அதற்கு மேல் போனால் மறுபடியும் அளக்கவேண்டும். அலுப்பாக இருக்கும், ஆனால் இதை விட்டால் அடுத்த ஆண்டு வரும் வித்தியாசம் கரை நகர்ந்ததாலா, கை நடுங்கியதாலா என்று சொல்லமுடியாது.

நூல்கட்டிய சட்டம் வழியாக வரைவது

கெட்டி அட்டையில் உட்புறம் 20 செ.மீ. அகலம், 15 செ.மீ. உயரமுள்ள சன்னல் வெட்டுங்கள். 5 செ.மீ.க்கு ஒன்றாகக் குறுக்கும் நெடுக்கும் கறுப்பு நூல் கட்டுங்கள். சட்டத்தில் ஒரு கயிறு கட்டி, சரியாக 50 செ.மீ.யில் முடிச்சு போடுங்கள். முடிச்சைக் கன்னத்தில், கண்ணுக்குக் கீழே பிடித்துக் கயிற்றை இறுக்கினால் கண்ணுக்கும் சட்டத்துக்கும் எப்போதும் ஒரே தூரம். சட்டத்தை ஒரு முக்காலியிலோ நட்ட கம்பிலோ கட்டிவிடுங்கள். தாளிலும் அதே கட்டங்களைப் பென்சிலால் போட்டுக்கொள்ளுங்கள்.

இந்த 50 செ.மீ. வீண் வேலை இல்லை. 25 மீட்டர் தள்ளி இருக்கும் எந்தப் பொருளிலும் 50 செ.மீ. உயரம் சட்டத்தில் 1 செ.மீ.யாகத் தெரியும். அளவுக்கோல் ஒன்றை அந்தத் தூரத்தில் நட்டுவையுங்கள். 1.5 மீட்டர் கோல் சட்டத்தில் 3 செ.மீ. வரவேண்டும். வந்தால் உங்கள் ஓவியத்திலிருந்து கரையின் உயரத்தை நேராக அளந்தெடுக்கலாம். ஓவியம் சான்றாக மாறுவது இங்கேதான். ஐரோப்பாவில் ஆர்ச்-மான்ஷ் என்ற திட்டம், ஆங்கிலக் கால்வாயை ஒட்டிய கரைகளின் பழைய ஓவியங்களை எடுத்து, எது எவ்வளவு துல்லியம் என்று தரம்பிரித்துக் கடற்கரை மாற்றத்தைத் தேடியது. நூறு ஆண்டுக்குப் பின் வருபவர் அப்படித் தரம்பிரிக்கத் திண்டாடாதபடி, நாம் இன்றே அளவுகோலைப் படத்துக்குள் வைத்துவிடலாம்.

வரையும் ஒழுங்கு இது. முதலில் கரையின் மேல்விளிம்பு, பிறகு நீர்விளிம்பு, பிறகு ஈரக்கோடு. இந்த மூன்றும் முடிந்தபின் மரமும் புல்லும். 40 நிமிடத்துக்குள் முடியுங்கள், அதற்கு மேல் போனால் நிழல் நகர்ந்துவிடும். காலை 7 முதல் 9, மாலை 4 முதல் 6 நல்ல நேரம். சாய்ந்த வெயிலில்தான் கரையின் மேடுபள்ளம் தெரியும். உச்சிவெயிலில் எல்லாம் தட்டையாகிவிடும். எந்த நேரம் தொடங்கினீர்களோ அந்த நேரத்தையே ஆண்டு முழுதும் வைத்துக்கொள்ளுங்கள். தாளின் பின்புறம் நாள், நேரம், நீர்மட்டம், பார்த்த திசை, வரைந்தவர் பெயர் கட்டாயம்.

அதே இடத்தில் நின்று கைபேசியிலும் ஒரு படம். அகலக் கோணம் வேண்டாம், சாதாரண லென்ஸ் மட்டும். ஆஸ்திரேலியாவில் 2017இல் தொடங்கிய கோஸ்ட்ஸ்நாப் திட்டத்தில் கடற்கரையில் கைபேசி வைக்க ஒரு நிலையான தாங்கி பொருத்தி, போகிறவர் வருகிறவர் எல்லாரும் ஒரே கோணத்தில் படம் எடுக்கச் செய்தார்கள். நடைபாதை இரும்புக் கைப்பிடி இருந்தால், அனுமதி வாங்கி நீங்களும் செய்யலாம்.

நீர்மட்டம் என்னும் பொறி

புதியவர்கள் செய்யும் பெரிய தவறு நீர்விளிம்பு நகர்ந்ததைக் கரை நகர்ந்ததாக எடுத்துக்கொள்வது. 20 அடிக்கு 1 அடி சரிவுள்ள குளக்கரையில் தண்ணீர் ஓர் அடி இறங்கினால் விளிம்பு 20 அடி உள்ளே போகும். மண் ஒரு பிடிகூட நகர்ந்திருக்காது. அதனால் ஒவ்வொரு முறையும் நீர்மட்டத்தை ஒரு நிலையான அடையாளத்திலிருந்து அளந்து எழுதுங்கள். மதகில் அளவுப்பலகை இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் படித்துறையின் எத்தனையாவது படி என்று பாருங்கள். மேட்டூரில் தண்ணீர் இறங்கினால் பண்ணவாடியில் நந்தி வெளியே தெரியும். கரையோர மக்கள் அணையின் மட்டத்தைப் பல தலைமுறையாக இப்படித்தான் படிக்கிறார்கள். கடலில் இதே பொறியை வைப்பது ஓதம், அதாவது கடல்நீர் நாள்தோறும் ஏறி இறங்குவது. அங்கே விளிம்பை விட்டுவிட்டு, பாசியும் சிப்பியும் ஒதுங்கிய உயரோதக் கோட்டைப் பிடிக்கவேண்டும்.

மண்

கரையின் மேல், நடு, அடி மூன்று இடங்களிலும் ஒவ்வொரு கைப்பிடி மண் எடுங்கள். நேரான பக்கமுள்ள ஒரு லிட்டர் கண்ணாடி பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண், ஒரு தேக்கரண்டி துணி சோப்புத்தூள், மீதி தண்ணீர். ஐந்து நிமிடம் நன்றாகக் குலுக்கி வையுங்கள். ஒரு நிமிடத்தில் அடியில் தங்கியது மணல். இரண்டு மணி நேரத்தில் அதன் மேல் தங்கியது வண்டல். ஒரு நாளோ இரண்டு நாளோ கழித்துத் தங்குவது களி. ஒவ்வொன்றுக்கும் கோடு போடுங்கள். மொத்தம் 6 செ.மீ.யில் மணல் 3 என்றால் பாதிக்குப் பாதி. கரிசல் மண்ணாக இருந்தால் தண்ணீர் பல நாள் கலங்கலாகவே நிற்கும், பொறுத்திருங்கள்.

கரை எப்படி விழும் என்பதை இந்த பாட்டில் முன்கூட்டியே சொல்லும். மணல் மிகுந்த கரையை நீர் அடியில் குடைய, மேலே உள்ளது சரிந்து கொட்டும். களி மிகுந்த கரை கோடையில் வெடித்து, வெடிப்பில் தண்ணீர் இறங்கியதும் பாளம் பாளமாக விழும். இரண்டுக்கும் ஆபத்தான நேரம் வெள்ளம் ஏறும்போது மட்டும் அல்ல, வடியும்போதும்தான். ஊறிப்போன கரையைத் தாங்கி நின்ற தண்ணீர் திடீரென்று விலகினால் கனமான மண் நிற்காது. ஆகவே வெள்ளம் வடிந்த மூன்று நாளைக்குள் ஒரு முறை போய் வரைய வேண்டும். விளிம்பின்மேல் மட்டும் நிற்காதீர்கள்.

மிச்ச மண்ணை வண்ணமாக்கலாம். 250 கிராம் மண்ணை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து ஒரு நிமிடம் விட்டு, மேலே உள்ள கலங்கல் நீரை வேறு பாத்திரத்துக்கு மாற்றுங்கள். மணல் அடியில் நின்றுவிடும். இரவு முழுதும் விட்டுத் தெளிந்த நீரை இறுத்து, அடியில் தங்கிய விழுதை நிழலில் காயவைத்து அரைத்துப் பழைய வேட்டித் துணியில் சலியுங்கள். 50 கிராம் வேலம்பிசினை 100 மி.லி. சுடுநீரில் ஓர் இரவு ஊறவைத்து வடிகட்டி, அரைத் தேக்கரண்டி தேன், இரண்டு கிராம்பு சேருங்கள். கண்ணாடித் தகட்டில் ஒரு பங்கு தூளும் ஒரு பங்கு பிசின்நீரும் நன்றாகக் குழையுங்கள். காய்ந்தபின் விரலில் ஒட்டினால் பிசின் போதவில்லை. பளபளத்து வெடித்தால் பிசின் கூடிவிட்டது. செம்மண் எளிதில் படியும். கரிசல் காயும்போது சுருங்கி வெடிக்கும், அதனால் மெல்லிய இரண்டு பூச்சாகப் பூசுங்கள்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லவேண்டும். திருப்பூருக்குக் கீழே நொய்யலின் வண்டலில் பல ஆண்டுச் சாயக்கழிவு படிந்திருக்கிறது. ஒரத்துப்பாளையம் அணையே அதற்குச் சாட்சி. அந்த மண்ணை அரைக்கவோ தூளாக்கவோ கூடாது. கையுறை போட்டுக்கொண்டு, மூடிய பாட்டிலில் மட்டும் பாருங்கள், வரையுங்கள்.

எப்போது போவது

ஆண்டுக்கு நான்கு முறை: தென்மேற்குப் பருவத்துக்கு முன் மே இறுதியில், அது ஓயும் செப்டம்பரில், வடகிழக்கு முடிந்த ஜனவரியில், கோடை நடுவில் ஏப்ரலில். வெள்ளம் வந்தால் அது தனிக்கணக்கு.

அளந்த அன்று இரவே எல்லாரும் உட்கார்ந்து குறுக்குவெட்டை வரைந்துவிடுங்கள். கிடைமட்டம் 1க்கு 100, செங்குத்து 1க்கு 20 என்று வைத்தால் சரிவு ஐந்து மடங்கு பெரிதாகத் தெரியும். 'உயரம் ஐந்து மடங்கு' என்று படத்திலேயே எழுதுங்கள், எழுதாவிட்டால் பார்ப்பவர் ஏமாந்துபோவார். ஒவ்வொரு பருவத்தின் கோட்டையும் அந்தப் பருவத்தில் எடுத்த மண்ணின் வண்ணத்தாலேயே ஒரு நீளத் தாளில் ஒன்றன்மேல் ஒன்றாக வரைந்துகொண்டே போங்கள். கூட்டு வேலையின் உண்மையான விளைவு இந்தத் தாள். கோடு அளவைச் சொல்கிறது, நிறம் மண் எங்கிருந்து வந்தது என்று சொல்கிறது. மேலே செம்மண் காடு கரைந்து வந்த வெள்ளமென்றால் அந்தக் கோடே சிவந்திருக்கும்.

ஊர்ப் பெரியவர்களிடம் பேசாமல் வேலை முழுமையாகாது. "பழைய காலத்தில் எப்படி இருந்தது?" என்று கேட்டால் பொதுவான பதில்தான் வரும். "ஏனுங்க அப்பாரு, தண்ணி இந்த வேப்பமரம் வரைக்கும் எந்த வருசத்துல வந்துச்சுங்க?" என்று பொருளைக் காட்டிக் கேளுங்கள். கல்யாணம், தேர், பஞ்சம் என்று ஏதாவது ஒன்றோடு சேர்த்துச் சொல்வார்கள். அதை வைத்து ஆண்டைப் பிடிக்கலாம். நினைவிலிருந்து வந்த கரையை எப்போதும் புள்ளிக்கோடாகவே வரையுங்கள், அளந்த கோட்டோடு கலக்காதீர்கள். வட்டாட்சியர் அலுவலகத்தில் கிடைக்கும் நில அளவைப் புலப்படத்தையும் கூகுள் எர்த்தின் பழைய படங்களையும் ஒப்பிடலாம். 1970களிலிருந்து கிடைக்கும் லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்கள் பெரிய நீர்த்தேக்கத்துக்கு உதவும், ஊர்ப் பள்ளத்துக்கு உதவாது. இன்றைய லேண்ட்சாட்டில்கூட ஒரு புள்ளி 30 மீட்டர்.

கடற்கரைக்குப் போகும்போது

ஓராண்டு முடிந்ததும் பூம்புகாருக்கோ தரங்கம்பாடிக்கோ போகலாம். தரங்கம்பாடியில் மாசிலாமணிநாதர் கோயிலின் ஒரு பகுதியைக் கடல் கொண்டுபோயிருக்கிறது. இருப்பதை அதே சட்டத்தின் வழியாக வரையுங்கள். அங்கே டியூப் லெவல் தேவையில்லை. அடிவானமே மட்டம். 1961இல் எமரி என்ற கடல் ஆய்வாளர் சொன்ன முறை இது: இரண்டு கோல், பின்கோலின் பக்கம் நின்று, முன்கோலின் உச்சியையும் அடிவானத்தையும் ஒரே கோட்டில் சேர்த்து, அந்தக் கோடு பின்கோலை எங்கே வெட்டுகிறது என்று படிக்கவேண்டும். பின்கோலின் உச்சியிலிருந்து அந்த இடம் வரை எவ்வளவோ அவ்வளவு தரை இறங்கியிருக்கிறது.

ஒரே ஒரு முறை போய்விட்டுக் கடற்கரை அரிக்கிறது என்று எழுதிவிடாதீர்கள். வடகிழக்குப் பருவத்தில் அலை மணலை வெட்டிக் கொண்டுபோகும், கோடையில் பெரும்பகுதியைத் திருப்பிக் கொண்டுவரும். ஒரே மாதத்தில், ஆண்டுதோறும் போனால்தான் ஒப்பிட முடியும். கடல் மணலில் ஒரு சிட்டிகையையும் உங்கள் ஆற்று மணலில் ஒரு சிட்டிகையையும் பத்து மடங்கு லென்ஸில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரையுங்கள். ஆற்று மணலில் முனை கூர்மையாக, பெரிதும் சிறிதுமாகக் கலந்திருக்கும். கடல் மணல் உருண்டு, ஏறத்தாழ ஒரே அளவில் இருக்கும்.

கண்காட்சியை முதலில் அளந்த ஊரிலேயே வையுங்கள், ஊராட்சி மன்றத்திலோ பள்ளித் தாழ்வாரத்திலோ. தாளை நேர்வெயில் படாத சுவரில், எண்கள் படிக்கும் உயரத்தில் மாட்டுங்கள். மூலத் தாள்களைச் சுருட்டி வைக்காதீர்கள், மண்வண்ணம் உதிரும். தட்டையாக, நடுவில் பட்டர் தாள் வைத்து அடுக்குங்கள். நிலைப்புள்ளியின் மூன்று தூரங்கள் எழுதிய பக்கத்தை மட்டும் நகலெடுத்து ஊர்ப் பள்ளித் தலைமையாசிரியரிடம் ஒன்று, ஊராட்சி அலுவலகத்தில் ஒன்று கொடுத்துவையுங்கள். அடுத்த குழு யாராக இருந்தாலும் அந்தப் பக்கத்தை வைத்துக் கல்லைக் கண்டுபிடித்து விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.